ஏழுக்குப் பின்னால் யாரும் இல்லை

ஈப்போவுக்கு மேலே, உலு கிந்தா அணைக்கட்டுப் பக்கம், காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் அன்று காலை நின்றவர்கள் இவர்கள்.

ஒன்று, ரவாங்கில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருப்பவர். எங்கள் குழுவுக்குத் தலை. இரண்டு, புக்கிட் ரோத்தான் பள்ளிக்கூட வாத்தியார். மூன்று, வாத்தியாரின் மனைவி. அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. மருந்துக் குழாயைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். நான்கு, புக்கிட் பெருந்துங்கிலிருந்து வரும் பேங்க் தம்பி. ஐந்து, கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண். அன்றுதான் முதல் பெரிய மலை. ஆறு, நான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். ஏழு, அக்கா.

வழிகாட்டி பூர்வகுடிக்காரர். அவருக்கு எண் கிடையாது. "அவரு இந்தக் காட்டு ஆளு. அவருக்கு எதுக்கு நம்பர்?" என்பார் அக்கா.

எண் வைத்தது அக்காதான். காட்டுக்குள் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். மலாய்க்காரர்களும் சொல்வார்கள். தோட்டத்து ஆள்களும் சொல்வார்கள். பேர் காட்டின் காதில் விழுந்தால் காடு அதை வைத்துக்கொள்ளுமாம். பிறகு அதுவே கூப்பிடுமாம். சொல்கிறவர்கள் எல்லாரும் ஏறும்போது மறந்துபோய்க் கத்துவார்கள். அக்கா மறக்க மாட்டார். ஏறுவதற்கு முன்னால் வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஓர் எண் கொடுப்பார்.

"பேரச் சொல்லி யாராச்சும் கூப்பிட்டா வாயத் தொறக்காதீங்க. நம்ம ஆளு கொரலா இருந்தாலும் சரி. நம்பர் சொன்னாதான் ஆளு."

ஓய்வு எடுக்கும் இடத்தில் எல்லாம் ஒன்று முதல் அவரவர் எண்ணை அவரவர் சொல்ல வேண்டும். கடைசியில் அக்கா "ஏழு" என்பார். பிறகுதான் நடை. அதனால் இங்கேயும் அவர் பேரை எழுதவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் தரை தட்டு மாதிரி இருக்கும். செம்பனை, கால்வாய், அந்தப் பக்கம் போனால் வயல், பிறகு கடல். மழை விட்ட காலையில் கிழக்கே நீலமாக ஒரு கோடு தெரியும். எங்களுக்கு மலை என்றால் அவ்வளவுதான். அக்காவுக்கும் ஐம்பதுக்குப் பக்கம் வரைக்கும் அவ்வளவுதான். பள்ளிக்கூட கேண்டீனில் சமையல் வேலை. இனிப்பு நீர் வியாதி வந்தது. கிளினிக்கில் நடக்கச் சொன்னார்கள். கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தியில் நடந்தார். குரங்கு பார்க்க வருகிறவர்கள் ஏறும் மேடு அது. அங்கேதான் எங்கள் தலைவரை, ஒன்றை, பார்த்தார். அவர் புக்கிட் கூத்துவுக்குக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அக்கா நிற்கவில்லை.

ஒன்று ஒரு சட்டை அடித்து வைத்திருந்தார். முதுகில் மலைப் பேர்கள். கோர்பு, யோங் பெலார், காயோங், சாமா, யோங் யாப், உலு செப்பாட். தித்திவாங்சா தொடரில் ஏழாயிரம் அடியைத் தாண்டிய உச்சிகள் இந்த ஆறும்தான். தாஹான் இவற்றைவிட உயரம். ஆனால் அது வேறு தொடர். ஏறி முடித்ததற்கு நேராக மையில் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். எங்கள் எல்லாருக்கும் அந்தச் சட்டை உண்டு. அக்காவுடைய சட்டையில் காயோங்குக்கு நேரே கோடு இல்லை.

காயோங்குக்குக் கோர்பு உச்சியைத் தாண்டித்தான் போக வேண்டும். கோர்புக்கு அக்கா இரண்டு தடவை வந்துவிட்டார். முதல் தடவை பேங்க் தம்பிக்கு முட்டி பிடித்துக்கொண்டது. இரண்டாவது தடவை வாத்தியார் மனைவிக்கு மூச்சு. இரண்டு தடவையும் அக்கா அவர்களோடு கோர்பிலேயே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் காயோங் போய் வந்தோம். பிறகு அவர்கள் இரண்டு பேரும் வேறொரு நாள் போய் முடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, உங்க சட்டையில ஒரு ஓட்ட இருக்கு லா" என்று ஒன்று கிண்டல் பண்ணுவார்.

"இருக்கட்டும் பாஸ். காத்து வரும்."

அவர் எப்போதும் கடைசியில்தான் நடப்பார். முன்னால் விட்டாலும் பத்தடியில் ஒதுங்கி நின்று எல்லாரையும் போகவிட்டு வாலில் சேர்ந்துகொள்வார். வேகம் இல்லாமல் இல்லை. மலாய்க் கம்பத்து ஆள்கள் போடும் மலிவு ரப்பர் சப்பாத்து போட்டுக்கொண்டு வழுக்குப் பாறையில் நிற்காமல் ஏறுவார். "நீங்க மலையப் பாருங்க. நான் ஒங்க முதுகப் பாக்குறேன்" என்பார். சாப்பிடும்போதும் கடைசி. எல்லார் தட்டிலும் சோறு விழுந்த பிறகு சட்டியைச் சுரண்டிப் போட்டுக்கொள்வார். அது கேண்டீன் பழக்கமா, வீட்டுப் பழக்கமா, நான் கேட்டதில்லை. அவருக்கு முன்னால் நடப்பது நான். முதுகுக்குப் பின்னால் அந்த ரப்பர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

உப்பும் புகையிலைத் தூளும் கலந்த ஒரு தகர டப்பா வைத்திருப்பார். அட்டைக்கு அது. யார் காலில் அட்டை ஏறினாலும் பின்னால் இருந்து பார்த்துவிடுவார். "ரெண்டு, எடது கெண்ட" என்று குரல் வரும். வாத்தியார் குனிந்து பார்த்தால் இருக்கும்.

யோங் பெலாரில் பேங்க் தம்பி உட்கார்ந்துவிட்டான். மழை. பாசி மூடிய வேர். கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் உள்ளே போகும். குளிரில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ன விட்டுட்டுப் போங்கக்கா."

"எப்படி விட்டுட்டுப் போறது? என் சம்பல் டப்பா ஒன் பையிலதான இருக்கு."

அவன் டப்பாவை எடுத்து நீட்டினான். அக்கா வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். திறந்து சம்பலில் கிடந்த நெத்திலியைத் தின்னத் தொடங்கினார். எழுந்திரு என்று சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று பொய்யும் சொல்லவில்லை. மலை ஏறுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பொய்யைச் சொல்வோம். டப்பா பாதியானதும் அவன் எழுந்தான்.

"என்னா அவசரம்? தின்னு முடிக்கட்டும்" என்றார் அக்கா.

வாத்தியாருக்கு விளையாட்டுப் புத்தி. யோங் யாப்பில் ஒரு மூங்கில் புதருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அக்காவின் பேரைச் சொல்லிக் கத்தினார். பதில் இல்லை. மறுபடி கத்தினார். பதில் இல்லை. வாத்தியார் முகம் மாறிவிட்டது. நாங்கள் கீழே இறங்கித் தேடினோம். அக்கா அதே புதருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கை நீட்டினால் தொடுகிற தூரம்.

"கேக்கலையாக்கா?"

"கேட்டுச்சி."

"அப்புறம் ஏன் பேசல?"

"பேரச் சொன்னீங்க."

சொல்லிவிட்டு அக்கா வாத்தியார் காதைத் திருகினார். எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் கொஞ்சம் என்னவோ போல் இருந்தது. அவ்வளவு நேரம் ஒரு மனுசி அசையாமல் நிற்க முடியுமா என்று.

திரும்பி வரும்போது அக்காவை வீட்டில் இறக்கிவிடுவது என் வேலை. அவரும் நானும் ஒரே பக்கம். காட்டைத் தாண்டியதும் எண்கள் முடிந்துவிடும். பிறகு நான் தம்பி. என் வேனில் பேசிக்கொண்டே வருவார். புக்கிட் ரோத்தான் நெருங்க நெருங்கப் பேச்சு குறையும். வாசலில் வேன் நின்றதும் உள்ளே இருந்து அவர் பேர் கேட்கும். முதலில் புருசன் கூப்பிடுவார். கூடத்திலிருந்து மாமியார். மாடியிலிருந்து சின்ன மகன், அம்மா என்று. சட்டை எங்கே, மாத்திரை எங்கே, கேஸ் தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அக்கா சமைத்து வைத்துவிட்டுப் போன சட்டி பானை வெளிக்குழாயடியில் அப்படியே கிடக்கும்.

அக்கா இறங்க மாட்டார்.

"எஞ்சின அணைக்காத தம்பி. கொஞ்ச நேரம் ஓடட்டும்."

ஓடவிடுவேன். பிறகு இறங்கிப் போவார்.

அவர் புருசன் கெட்டவர் இல்லை. அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார். மலைக்குப் போகாதே என்றும் சொன்னதில்லை. அவருக்கு ஒரு தேத்தண்ணி வேண்டும் என்றால்கூட அக்கா பேரைச் சொல்லித்தான் தொடங்குவார். அவ்வளவுதான்.

மூன்றாவது கோர்பு. முதலில் சொன்ன ஏழு பேர். அக்காவையும் தொழிற்சாலைப் புதுப் பெண்ணையும் தவிர மற்றவர்கள் காயோங் முடித்தவர்கள்தான். அக்காவின் ஓட்டையை அடைக்கிறோம் என்று சொல்லித்தான் ஒன்று எல்லாரையும் கிளப்பினார். நடுவில் தங்கி மறுநாள் கோர்பு உச்சிக்கு வந்தோம். வழிகாட்டியும் ஒன்று முதல் நான்கு வரைக்கும் உள்ளவர்களும் வேகமாக வந்து காயோங் பக்கம் போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பேர் பின்னால். உச்சிப் பலகைக்குப் பக்கத்தில் வந்ததும் புதுப் பெண் வாந்தி எடுத்தாள். எனக்குத் தெரியும், அக்கா உட்கார்ந்துவிடுவார் என்று. நானே தார்ப்பாயை எடுத்து விரித்தேன்.

அக்கா நின்றுகொண்டே இருந்தார்.

"ஆறு, நீ இவளப் பாத்துக்க. இந்தத் தடவ நான் போறேன்."

"போங்கக்கா. முன்னுக்குத்தான் போயிருக்காங்க. புடிச்சிருவீங்க."

பனி மூட்டம். பத்தடியில் மரம் தெரியவில்லை. அவர் அதற்குள் போனார். ரப்பர் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அவர் முதுகை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முன்னால் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வழிகாட்டி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அக்கா எங்கே என்று நான் கேட்டேன். அக்கா எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். போக ஒரு பாதை, வர அதே பாதை. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

முன்னால் போகிறவர்களைப் பின்னால் இருப்பவர் பார்ப்பார். எங்கள் முறை அது. பின்னால் இருப்பவரை யார் பார்ப்பது என்று அதுவரைக்கும் ஒருவரும் யோசித்ததில்லை.

வழிகாட்டி இறங்கித் தேடினார். மழை பிடித்துக்கொண்டது. எங்களைக் கூடாரத்துக்கு இறங்கச் சொல்லிவிட்டு அவர் கீழே தகவல் கொண்டுபோனார். மறுநாள் தீயணைப்புப் படை வந்தது. பூர்வகுடி ஆள்கள் வந்தார்கள். எங்களை அடிவாரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அக்கா புருசனும் மூத்த மகனும் காரில் வந்து இறங்கினார்கள். அவர் வீட்டுச் சிலிப்பரோடு வந்திருந்தார்.

பேர் என்ன என்று அதிகாரி கேட்டார். புருசன் சொன்னார். அன்று முழுக்கத் தேடிய ஆள்கள் ஒலிபெருக்கியில் அந்தப் பேரைத்தான் கூப்பிட்டார்கள். மலைக்கு மலை அது போய்த் திரும்பி வந்தது என்று இறங்கி வந்தவர்கள் சொன்னார்கள். பதில் இல்லை.

புதுப் பெண் அதிகாரியிடம் போனாள். அவள் முகம் வெளுத்திருந்தது. பேர் சொல்லாதீர்கள், பேர் சொன்னால் அக்கா பேச மாட்டார் என்றாள் மலாயில். அதிகாரி சிரிக்கவில்லை. "பேர் இல்லாமல் ஆளை எப்படித் தேடுவது?" என்று கேட்டார். நியாயம்தான். பிறகு ஒன்று போய் எண் விசயத்தைச் சொன்னார். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

"பைத்தியமா நீங்க எல்லாம்?" என்றார் அக்கா புருசன். "என் பொஞ்சாதிக்கு அவ பேரு தெரியாதா?"

அடுத்த நாள் விடியும் முன்பே எங்களை அவர்களோடு மேலே விட்டார்கள். கோர்புக்கும் காயோங்குக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே பாதை நெடுக எங்களை இடம் விட்டு நிறுத்தினார்கள். ஒலிபெருக்கி நின்றது. எல்லாரும் பேசாமல் நின்றார்கள்.

ஒன்று தன் எண்ணைக் கத்தினார். பிறகு இரண்டு. மூன்று. நான்கு. புதுப் பெண் ஐந்து என்றாள். அவளுக்குக் குரலே வரவில்லை. நான் ஆறு என்றேன்.

நின்றோம். இலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி ஒன்று முதல். மறுபடி நின்றோம். ஒன்றுமில்லை. வாத்தியார் மனைவி மருந்துக் குழாயை வாயில் வைத்துக்கொண்டார். ஒன்று திரும்பி என்னைப் பார்த்தார். மூன்றாவது தடவை வேண்டாம் என்று அவர் முகத்தில் இருந்தது. இன்னொரு தடவை என்று நான் விரலைக் காட்டினேன். கத்தினோம்.

நான் ஆறு என்று முடித்ததும் இடது பக்கச் சரிவில், கீழே, சத்தம் வந்தது.

"ஏழு."

கத்தவில்லை. கேண்டீனில் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது பேசுகிற குரல்.

ஓர் ஓடைக்குப் பக்கத்தில் வேரில் உட்கார்ந்திருந்தார். மழைச் சட்டைக்குள் கால்களை மடக்கி வைத்திருந்தார். எலும்பு முறியவில்லை. பெரிய காயமும் இல்லை. உதடு வெடித்திருந்தது. மூட்டத்தில் ஒரு மானோ என்னவோ போன தடத்தைப் பாதை என்று நினைத்து இறங்கிவிட்டார். பாதையிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. ஒலிபெருக்கி நன்றாகக் கேட்டிருக்கும் இடம்.

அடிவாரத்தில் புருசன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா அவர் தலைமேல் கை வைத்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் நான் அவரைப் பார்க்கப் போனேன். மகன் சாப்பாடு வாங்கப் போயிருந்தான்.

"ஆறு" என்றார்.

காட்டைத் தாண்டிவிட்டோமே, தம்பி என்றுதானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"ஆறு, மொத ரெண்டு தடவையும் கேட்டுச்சி."

"நாங்க நம்பர் சொன்னதா?"

"ம்."

"அப்புறம் ஏன்க்கா பேசல?"

போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"கணக்குல இல்லாம இருந்து பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சி. அப்புறம் அந்தப் புதுப் புள்ள கொரலு அழுவுற மாரி இருந்துச்சி. சரின்னு சொல்லிட்டேன்."

இதை நான் மற்றவர்களிடம் சொல்லவில்லை. காயோங் தொட்டீர்களா என்று ஒன்று அவரைக் கேட்டார். "தொடல பாஸ். ஓட்ட அப்படியே இருக்கு" என்றார் அக்கா. அன்று அவர் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான்.

கொஞ்ச நாள் கழித்து அவர் புருசன் என் வீட்டுக்கு வந்தார். லோரி கழுவிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, வந்து பாரு. பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குறா."

"காது?"

"டாக்டர் பாத்துட்டாரு. காது நல்லாருக்காம். சமைக்கிறா. தொவைக்கிறா. எங்கம்மாவுக்கு மருந்து குடுக்குறா. கூப்பிட்டா மட்டும் இல்ல. என்னா பண்ணி வச்சீங்க அவள?"

போனேன். அக்கா பின்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தார். புருசன் எனக்குக் காட்டுவதற்காகப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தடவை. இரண்டு தடவை. அக்கா அடுத்த நெத்திலியை எடுத்தார். அந்த மனுசனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முப்பது வருசமாகக் கூப்பிட்ட பேர். இப்போது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் என் எண்ணைச் சொன்னேன். "ஆறு." மெதுவாகத்தான் சொன்னேன்.

அக்கா தலை நிமிர்ந்து பார்த்தார்.

புருசன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா, பாத்தியா! ஒனக்குத் திரும்புறா. அது ஒன் நம்பரு. அவ நம்பர் என்னா? சொல்லு தம்பி. நானும் அதச் சொல்லியே கூப்பிடுறேன்."

மகனும் மாடிப்படியில் வந்து நின்றான். மாமியார் கூடத்திலிருந்து என்ன என்ன என்றார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் நெத்திலி அப்படியே இருந்தது.

சொன்னால் நாளையிலிருந்து அந்த எண்ணும் இந்த வீட்டில் கேட்கும். சட்டை எங்கே, மாத்திரை எங்கே, கேஸ் தீர்ந்துவிட்டது. சொல்லாவிட்டால் இந்த மனுசன் இப்படியே கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"மறந்துட்டேன் மாமா" என்றேன்.

"மறந்துட்டியா? அஞ்சாறு பேருதான போவீங்க?"

"மாறி மாறி வரும். ஞாபகம் இல்ல."

அவர் கையை விட்டுவிட்டார். ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். நம்பினாரா இல்லையா தெரியாது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவதில்லை.

நான் வேனுக்கு வந்தேன். அக்கா பின்னாலேயே வந்தார். ரப்பர் சப்பாத்து இல்லை, வெறுங்கால். தகர டப்பாவை நீட்டினார்.

"கடைசில நடக்குறவங்க வச்சிக்கட்டும்."

"நீங்க வரலையாக்கா?"

"எஞ்சின கொஞ்ச நேரம் ஓடவிடு தம்பி."

ஓடவிட்டேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே பேர் கேட்டது. பிறகு போய்விட்டார். அடுத்த வருசம் மூத்த மகன் அவர்களை எல்லாம் தன்னோடு ஜோகூருக்குக் கூட்டிப் போனான். அந்த வீட்டில் இப்போது வேறு ஆள்கள். அக்கா அங்கே பேருக்குத் திரும்பிப் பார்க்கிறாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

போன மாதம் காயோங் போனோம். அதே ஆள்கள். ஏழாவதாக இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒன்று கேட்டார். எல்லாரும் குனிந்து பை வாரைக் கட்டத் தொடங்கினோம். அவரும் விட்டுவிட்டார். கடைசியில் நான் நடந்தேன். டப்பா என் பையில். முதுகுக்குப் பின்னால் சத்தம் ஒன்றும் இல்லை. அப்படி நடப்பது லேசு இல்லை.

கோர்பு தாண்டி, அந்தப் பள்ளம் தாண்டி, உச்சிக்கு வந்தோம். மூட்டம். பலகைக்கு முன்னால் படம் பிடிக்க யாரும் போகவில்லை. ஒன்று தானாகவே தன் எண்ணைச் சொன்னார். வாத்தியார் சொன்னார். அவர் மனைவி. பேங்க் தம்பி. அந்தப் பெண், இப்போது அவள் புதுப் பெண் இல்லை.

கடைசியாக நான் சொன்னேன்.

ஆறு.